சிறு பெட்டியும் பேரொலியும்

மாணவன் ஒருவன் பயிலும் மேசையை நினைத்துப் பார்ப்போம். நடுவே கணினித் திரை. அதன் இரு மருங்கிலும் கைக்கு அடக்கமான இரண்டு சிறு பெட்டிகள். பகலில் அவற்றினூடே பாடம் ஒலிக்கிறது. மாலையில் கணினி விளையாட்டின் ஆரவாரம். இரவில் வீட்டார் கூடியிருந்து திரைப்படம் பார்க்கும்பொழுது அதே பெட்டிகளே பாட்டும் உரையாடலும் வழங்குகின்றன. கணினிக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகச் சொற்பம். மலிவாகக் கிடைக்கும் பொருளை உலகம் எளிதில் மதிப்பதில்லை. எனினும் அந்தச் சிறு பெட்டிக்குள் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்து முயற்சி அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் நாட்டுத் தலைவர்களுக்கும் பெருஞ் செல்வர்களுக்கும் மட்டுமே ஊழியஞ் செய்த ஒலிபெருக்கி, எளியவன் மேசைக்கு இறங்கிவந்தது எவ்வாறு? இறங்கிவரும் வழியில் அது எதை இழந்தது, எதைக் காத்துக்கொண்டது? இவையே இங்கு ஆராயத்தக்கன.

ஒலிபெருக்கியின் உயிர்நாடி மிக எளிய ஓர் உண்மையாகும். காந்தத்தின் அருகே கம்பிச் சுருள் ஒன்றைத் தொங்கவிட்டு அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தினால் சுருள் அசையும். மின்னோட்டம் மாறுந்தோறும் அசைவும் மாறும். இந்த அமைப்புக்கு ஜேர்மனியரான வேர்ணர் சீமென்ஸ் 1874 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆயின், அதனைக்கொண்டு மனிதர் குரலை எழுப்பலாம் என்பதை அவர் செய்துகாட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1876 இல், அலெக்சாந்தர் கிரகம் பெல் தொலைபேசியைத் தந்தார். அதுவோ காதோடு காதாகப் பேசுங் கருவி; ஒருவர் கேட்க மற்றவர் காத்திருக்கவேண்டும். 1898 இல் ஆங்கில அறிஞர் ஒலிவர் லொட்ஜ் அசையும் சுருளைக்கொண்டு ஒலியெழுப்பும் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவும் அக்காலத்தில் பயன்தரவில்லை. மெல்லிய மின்னோட்டத்தைப் பெருக்கவல்ல வெற்றிடக் குழாய் அப்பொழுது தோன்றாமையே அதற்குக் காரணம். விதை நல்லதாயினும் மழைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த மழை பெய்த இடம் கலிபோர்ணியா. டென்மார்க்கு நாட்டிலிருந்து சென்ற பீற்றர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதாமும் நாப்பா என்னும் சிற்றூரில் ஒரு சிறு வீட்டில் இருந்துகொண்டு அசையும் சுருளைப் பெரியதொரு கொம்புக் குழலுடன் இணைத்தனர். 1915 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி, நத்தார் முன்னிரவில், சன்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய மாபெருங் கூட்டத்துக்கு அவர்கள் கருவி இசையையும் பேச்சையும் எட்டச்செய்தது. 1917 இல் அவர்களுடைய நிறுவனம் ‘மக்னவொக்ஸ்’ எனப் பெயர் பெற்றது. இலத்தீன் மொழியில் அதற்குப் ‘பேரொலி’ என்பது பொருள். 1919 ஆம் ஆண்டு செப்தெம்பர் 19 ஆம் திகதி, சன்டியேகோ நகரில் ஏறக்குறைய 50,000 மக்கள் திரண்ட அரங்கில், அமெரிக்க சனாதிபதி வூட்றோ வில்சன் கண்ணாடிக் கூண்டொன்றினுள் நின்று பேசினார். அவர் குரலை அந்த ஒலிபெருக்கிகளே சுமந்து சென்றன. இவ்வாறு, ஒலிபெருக்கி தன் வாழ்வைத் தொடங்கியது திரளான கூட்டத்தின் முன்னிலையில். தனி மனிதனின் மேசை அதற்கு வெகு தொலைவில் இருந்தது.

வானொலி பரவத் தொடங்கியபின் வீட்டுக்குள்ளும் ஒலிபெருக்கி நுழைந்தது. ஆனால், அக்காலத்துக் கொம்புக் குழல்கள் பேச்சை மூக்கால் பேசுவதுபோல ஆக்கின. இசையின் கீழ்ப்பகுதியை அறவே விழுங்கின. இக்குறையைத் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைசும் எட்வேட் கெலொக்கும் ஆவர். கொம்பை நீக்கிவிட்டு, கடதாசிக் கூம்பு ஒன்றை அசையும் சுருளோடு ஒட்டி, அக்கூம்பே நேராகக் காற்றை அசைக்குமாறு அவர்கள் அமைத்தனர். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1925 இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து விற்பனைக்கு வந்த றேடியோலா 104 என்னும் ஒலிபெருக்கியில் மின்பெருக்கியும் அதே பெட்டியினுள் வைக்கப்பட்டிருந்தது. கடதாசிக் கூம்பு, சுருள், காந்தம், மின்பெருக்கி ஆகிய நான்கும் ஒரே பெட்டியில்! இன்று மாணவன் மேசையிலுள்ள பெட்டியும் இதுவே, அளவுதான் குறைந்தது. இலங்கையில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியதும் அதே 1925 ஆம் ஆண்டில், டிசம்பர் 16 ஆம் திகதி, என்பது நினைந்து மகிழத்தக்க ஒற்றுமையாகும்.

இனி, அளவு குறைந்த கதையைக் கூறவேண்டும். அதற்குமுன் இயற்கையின் சட்டம் ஒன்றை அறிந்துகொள்வது நலம். மிருதங்கத்தின் வலந்தலை ஒலியை ஒரு சிறு கூம்பும் எழுப்பிவிடும். தொப்பியின் ஆழ்ந்த ஒலியை எழுப்புதல் அதற்கு அரிது. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதே அளவு ஓசைக்குக் கூம்பு அசையவேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. மேலும், கூம்பின் முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் காற்றை இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் மந்தர ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதைத் தடுக்கவே பெட்டி வேண்டப்படுகிறது. எனவே, நல்ல மந்தர ஒலியை விரும்பிய செல்வர்கள் அலுமாரி அளவிலான பெட்டிகளைக் கூடத்தில் நிறுத்தினர். சிறிய வீட்டில் வாழ்பவனுக்கு அது கிட்டாப் பொருளாயிற்று.

இந்த நிலையை மாற்றிய பெருமை எட்கார் வில்சூர் என்னும் ஆசிரியருக்கும் அவருடைய மாணவரான ஹென்றி குளொஸ் என்பவருக்கும் உரியது. கூம்பை அதன் பழைய நிலைக்கு மீட்பதற்கு விறைப்பான விளிம்புகளை நம்பியிருந்த காலம் அது. அவ்விளிம்புகளே ஒலியைத் திரித்தன. விளிம்பை நெகிழவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாவண்ணம் மூடிவிட்டால், உள்ளே அடைபட்ட காற்றே மெத்தென்ற வில்லாக நின்று கூம்பைத் தாங்கும் என்று வில்சூர் கண்டார். பெட்டி சிறிதாக இருத்தல் குறையன்று. அந்தக் காற்று வில்லுக்கு அதுவே வேண்டுவதாயிற்று. 1954 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் இருவரும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். புத்தகத் தட்டில் வைக்கத்தக்க ஒலிபெருக்கி பெரும்பெட்டிகளோடு போட்டியிட்டதைக் கண்டு வல்லுநர் வியந்தனர்.

குளொஸ் 1957 இல் பிரிந்து சென்று, மல்கம் லோ, அன்ரன் ஹொஃப்மன் என்னும் இருவரோடு சேர்ந்து கே. எல். எச். என்ற மற்றொரு நிறுவனத்தை அமைத்தார். இவர்களுள் ஹொஃப்மன், புகழ்பெற்ற பியானோ மேதை யோசப் ஹொஃப்மனின் மைந்தர். ‘ஹொஃப்மனின் இரும்பு விதி’ என்று ஒலிப்பொறியியலார் இன்றும் வழங்கும் கருத்து அவருடையது. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த மின்வலுவில் மிகுந்த ஓசை என்னும் மூன்றில் எவையேனும் இரண்டைப் பெறலாம். மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது என்பதே அவ்விதியின் சாரம். வில்சூரின் பெட்டியும் இவ்விதிக்கு விலக்கன்று. அது சிறுமையையும் ஆழத்தையும் பெற்றது. அதற்கு விலையாக மிகுந்த மின்வலுவைக் கேட்டது. பின்னர் வந்த சிற்றொலிபெருக்கிகளின் வரலாறு முழுவதும் இந்த மூன்றனுள் எதை விடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் கண்ட விடையே எனலாம்.

மற்றொரு விடை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பெட்டியை முற்றாக மூடாது, துளையும் குழாயும் வைத்துப் பின்புற ஒலியையும் பயன்படுத்தும் வழக்கம் முன்னரே இருந்தது. ஆனால், துளை எத்துணை, குழாய் எத்துணை என்பது தச்சன் கைக்கணக்காகவே இருந்தது. நெவில் தீல் என்னும் பொறியியலாளர் 1961 இல் அதனைக் கணிதத்துக்குள் கொணர்ந்தார். அவர் கட்டுரை அவுஸ்திரேலிய இதழொன்றில் வெளிவந்தமையால் உலகம் அதனைப் பெரிதும் கவனிக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1971 இல், அமெரிக்க ஒலிப்பொறியியல் இதழ் அதனை மறுபதிப்புச் செய்தது. றிச்சட் ஸ்மோல் என்பவர் அப்பணியை விரிவுபடுத்தினார். அன்றுமுதல், ஒரு கூம்பின் சில இயல்புகளை அளந்தறிந்தால் அதற்கேற்ற பெட்டியைத் தாளிலே கணக்கிட்டுவிடலாம் என்ற நிலை பிறந்தது. சோதித்துச் சோதித்துப் பல பெட்டிகளைப் பாழாக்கும் செலவு ஒழிந்தது. மலிவுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. தாளும் பென்சிலும் மரத்தினும் பணத்தினும் மலிவானவை அல்லவா?

இதே காலத்தில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கமான இடத்துக்கென ஒரு சிறு ஒலிபெருக்கியை வடிவமைத்தது. ஒரடி உயரமே உள்ள எல். எஸ். 3/5 ஏ என்னும் அப்பெட்டி 1970களின் நடுப்பகுதியில் விற்பனைக்கும் வந்தது. மாபெரும் ஓசையையும் ஆழ்ந்த மந்தரத்தையும் அது துறந்தது. மனிதக் குரலை உண்மையாகத் தருவதே தன் கடமை என்று கொண்டது. துறக்கவேண்டியதைத் துறந்ததனாலேயே அது நெடுங்காலம் போற்றப்பட்டது.

காந்தத்தின் கதையும் இங்குச் சேரும். முன்னைய நல்ல காந்தங்களில் கோபாற்று என்னும் உலோகம் கலந்திருந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒல்லாந்து நாட்டின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தினர் இரும்பு ஒட்சைட்டை முதன்மையாகக் கொண்ட வெண்களி போன்ற காந்தத்தை உருவாக்கினர். அது பாரமானது, ஆனால் மிக மலிவானது. 1978 இல் ஆபிரிக்காவின் சயர் நாட்டுச் ஷாபா மாகாணத்தில் போர் மூண்டபோது கோபாற்றின் விலை வானளாவியது. அதன்பின் ஒலிபெருக்கி செய்வோர் பெரும்பாலும் இரும்புக் காந்தத்தையே நாடினர். இன்றைய மலிவான மேசை ஒலிபெருக்கியின் முதுகில் கறுத்த வளையமாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் அதுவே. தொலைதேசத்துப் போர் ஒன்று, வீட்டு மேசையிலுள்ள பொருளின் வடிவை மாற்றிவிடுகிறது.

இவ்வாறு ஒலிபெருக்கி ஒருபுறம் முதிர்ந்துகொண்டிருக்க, கணினியோ ஊமையாகவே இருந்தது. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்து 12 ஆம் திகதி ஐ. பி. எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதனுள் இரண்டேகால் அங்குலச் சிறு ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுருதியை மட்டும் ‘பீப்’ என்று ஒலிப்பதே அதன் இயல்பு. அலுவலகக் கருவிக்கு எச்சரிக்கை மணி போதும் என்று எண்ணினர் போலும். விளையாட்டு நிரல்களை எழுதியவர்கள் பல உபாயங்களால் அந்தச் சிறு கருவியிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிழிந்தெடுக்க முயன்றனர். கேட்டவர்கள் அம்முயற்சியைப் பாராட்டினரே தவிர, ஒலியை அல்ல.

அதே 1981 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்னும் இளைஞர் சிறு கடையொன்றைத் தொடங்கினார். எளிய குடும்பத்திற் பிறந்தவர். மவுத் ஓர்கன் வாசிப்பதில் ஈடுபாடு மிக்கவர். இசையறிந்தவர் ஒருவர் கணினி ஊமையாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ளாமை இயல்பே. 1986 இல் அவர் பேசவும் பாடவும் வல்ல கணினியொன்றை வெளியிட்டார். அது விலைபோகவில்லை. அத்தோல்வியால் அவர் ஒரு பாடங் கற்றார்: உலகம் புதிய கணினியை வேண்டவில்லை, தன்னிடமுள்ள கணினிக்குக் குரலையே வேண்டுகிறது. 1987 இல் கனடாவின் அட்லிப் நிறுவனம் இசைக்கென ஓர் இணைப்பு அட்டையை வெளியிட்டு வழிகாட்டியது. 1989 இல் சிம் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டை, அந்த இசையோடு பதிவுசெய்த மனிதக் குரலையும் ஒலித்தது. விளையாட்டுக் கைப்பிடியைப் பொருத்தும் வாயிலையும் அதே அட்டையில் தந்தது. மூன்று தேவைக்கு ஒரே செலவு! வாங்குபவர் கணக்குப் பார்த்தனர். அட்டை உலகெங்கும் பரவியது. 1992 இல் அவருடைய ‘கிரியேட்டிவ்’ நிறுவனம் அமெரிக்காவின் நஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதலாவது சிங்கப்பூர் நிறுவனமாயிற்று. அவர் 2023 சனவரியில் காலமானார்.

கணினிக்குக் குரல் வந்ததும் அக்குரலை வெளியிட வாய் தேவைப்பட்டது. 1990களில் ஒளித்தட்டு வந்தது. இசையும் அசையும் படமும் கணினிக்குள் புகுந்தன. 1993 இல் வெளிவந்த ‘டூம்’ போன்ற விளையாட்டுகளில், கண்ணுக்குப் புலப்படாத பகைவன் எப்பக்கம் வருகிறான் என்பதைக் காதே உணர்த்தியது. இடமும் வலமுமாக இரண்டு ஒலிபெருக்கிகள் இன்றியமையாதனவாயின. தொழிற்சாலைகள் இலட்சக்கணக்கில் பிளாத்திக்குப் பெட்டிகளை வார்த்தன. விலை சரிந்தது, தரமும் கூடவே சரிந்தது.

தரம் சரிந்ததினும் பெரிய கேடு, அளவுகோல் பொய்த்ததாகும். பெட்டியின்மேல் ‘பி. எம். பி. ஓ. 1000 வாற்று’ என்று பொன்னெழுத்துகள் மின்னின. கண நேரத்தில் எட்டக்கூடியதாகக் கற்பித்துக்கொண்ட உச்ச வலுவே அது. அதனை அளப்பதற்கு யாவரும் ஏற்ற நியமம் எதுவும் இல்லை. இத்தகைய மிகையுரை புதியதன்று. இசைக்கருவி விற்போர் மின்பெருக்கியின் வலுவை மனம்போனவாறு கூறுவதைத் தடுக்க, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974 இலேயே அளவை முறையொன்றை விதித்தது. ஆயினும், சட்டம் எட்டாத சந்தைகளில் எண்கள் கட்டவிழ்ந்து வளர்ந்தன. பொய்யை அறிய எளிய கணக்கொன்று உண்டு. கணினியின் பழைய வகை யூ. எஸ். பி. வாயில் 5 வோற்று அழுத்தத்தில் அரை அம்பியர் மின்னோட்டமே தருவதாக நியமிக்கப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் 2.5 வாற்று. அந்த வாயிலிலிருந்து மட்டும் மின்பெறும் ஒலிபெருக்கி, தான் பெற்றதினும் கூடுதலாக ஓயாது வழங்க முடியுமா? பள்ளி மாணவன் அறிந்த சத்திக் காப்பு விதியே விளம்பரத்தை மறுத்துவிடுகிறது. பெரும் பணம் படைத்தவன் ஏமாந்தால் மற்றொன்றை வாங்கிக்கொள்வான். சிறுகச் சேர்த்து வாங்குபவனுக்கோ அந்தப் பொய் ஒரு மாதச் சேமிப்பை விழுங்கும் பொய்யாகும்.

இந்நிலையில் மீண்டும் மேடைக்கு வந்தவர் முதியவரான ஹென்றி குளொஸ். 1988 இல் அவர் ‘கேம்பிறிட்ஜ் சவுண்ட்வேக்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்குவதற்குத் துணைநின்றார். மிகத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று மனிதர் காது எளிதில் அறியாது. ஆகவே, மந்தர ஒலிக்கு ஒரே பெட்டி போதும். அதனை மேசையின் கீழே மறைத்துவைக்கலாம். மேலே இருப்பவை உள்ளங்கை அளவினவாகலாம். இந்த முறையை அவர் 1990களில் கணினி மேசைக்கும் கொணர்ந்தார். 1997 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் அந்தக் கேம்பிறிட்ஜ் நிறுவனத்தை வாங்கியது. 1954 இல் ஆசிரியரும் மாணவரும் தொடங்கிய பாதையும், 1981 இல் சிங்கப்பூர் இளைஞர் தொடங்கிய பாதையும் இவ்வாறு ஒரு மேசையில் சந்தித்தன. குளொஸ் 2002 இல் மறைந்தார்.

அதன்பின் விரைந்து நிகழ்ந்தவை பல. ஒலியட்டையின் வேலை கணினியின் தாய்ப்பலகையிலேயே அடங்கியது. வெப்பமாய் வீணாகும் மின்சாரத்தைப் பெரிதும் குறைக்கும் புதிய வகை மின்பெருக்கிகள் விரல் நுனி அளவிலான சில்லுகளாக வந்தன. 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியக் காந்தங்கள் எடையைக் குறைத்தன. இன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் பெட்டியிலும், முன்னோர் பெருஞ்செலவிற் கண்ட அறிவின் ஒரு பங்கு இருக்கிறது.

ஆயினும், இரும்பு விதி மாறவில்லை. குறைந்த விலையில் வாங்குபவன் தனக்கு எது வேண்டும் என்பதை முன்னரே தெளிதல் நன்று. விளையாட்டுக்குத் திசையுணர்வு முதன்மை. இரண்டு பெட்டிகளும் ஒத்த தன்மையுடையனவாயிருந்தால் அது கிட்டும். திரைப்படத்துக்கு உரையாடலின் தெளிவு முதன்மை. இசைக்கோ ஒரு சுருதியையும் மிகைப்படுத்தாத சமநிலை வேண்டும். மலிவான மந்தரப் பெட்டிகளுட் பல ஒரே சுருதியில் ‘தும் தும்’ என்று முழங்கி, மற்றவற்றை மூடிவிடுகின்றன. அத்தகைய மூன்று பெட்டிகளினும், அடக்கமான நல்ல இரண்டு பெட்டிகள் மேலானவை.

மேசையும் எளியவனுக்கு ஒரு வரமே. திறந்த வெளியில் தூரம் நான்கு மடங்கானால், அதே ஓசைக்குப் பதினாறு மடங்கு வலு வேண்டும். கூடத்தின் மறுகோடியில் இருப்பவனுக்குப் பெரும் பெட்டி தேவை. கை நீட்டும் தூரத்தில் இருப்பவனுக்குச் சில வாற்றுகளே தாராளம். இரண்டு பெட்டிகளும் கேட்பவனும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூலைகளாக அமைய, பெட்டிகளைச் சற்று உயர்த்திக் காதை நோக்கித் திருப்பிவைத்தால் ஒலி தெளியும். அதற்குச் செலவு இரண்டு பழைய புத்தகங்களே.

ஐம்பதினாயிரவரை எட்டுவதற்கென எழுந்த பேரொலி, இன்று ஒருவனுக்காகத் தாழ்ந்த குரலிற் பேசுகிறது. அதனை அவன் மேசைக்கு இறக்கிவைத்தவை கணக்கும் காற்றும் இரும்பும், தோல்வியிற் கற்ற பாடமுமேயாம். எதைத் துறப்பது என்று அறிந்தவர்களே மலிவான பொருளை நல்ல பொருளாக்கினர். அந்த அறிவு வாங்குபவனிடமும் இருக்குமாயின், பெட்டியின்மேல் மின்னும் எண்ணை விடுத்துத் தன் காதையே அவன் நம்புவான்.